ஃப்ரண்ட் வீல் டிரைவ் கார் இடது பக்கம் இழுக்கிறது, மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தும் தீரவில்லை

திருநகர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வண்டிப் பெயர் வேண்டாம், வண்டி மேல் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிரச்சினை என்னவென்றால் ஒரு மாதமாக இடது பக்கம் இழுக்கிறது. ரிங் ரோட்டில் 60-இல் போகும்போது ஸ்டீயரிங் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால், மூன்று எண்ணுவதற்குள் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கப் பார்க்கிறது. விருதுநகர் போய் வந்தால் தோள்பட்டை கடுக்கிறது, வழி முழுக்க வலது பக்கம் தாங்கிப் பிடித்தே ஓட்ட வேண்டியிருக்கிறது.

மூன்று கடையில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்த்துவிட்டேன். மூன்று பேரும் "எல்லாம் பச்சையில் இருக்கிறது சார்" என்று பேப்பரைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒருத்தர் முன் டயர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருத்தர் ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகம்) போய்விட்டது, 18 ஆயிரம் ஆகும் என்கிறார். அப்பாவை மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வண்டி இது. எதையாவது மாற்றிவிட்டு அப்புறமும் இழுத்தால் என்ன செய்வது? எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

முனிச்சாலை மெக்கானிக்

தம்பி, ரேக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். "இழுக்கிறது" என்று சொல்வது "வயிறு வலிக்கிறது" என்று டாக்டரிடம் சொல்வது மாதிரி. எப்போது வலிக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்து. மூன்று நேரம் பிரித்துச் சொல்லுங்கள்: ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது, காலை எடுத்து நியூட்ரலில் உருளவிடும்போது, பிரேக் பிடிக்கும்போது.

ஏன் கேட்கிறேன் என்றால், மிதிக்கும்போது மட்டும் இழுத்து, காலை எடுத்ததும் நேராகப் போனால் அது ஃப்ரண்ட் வீல் டிரைவுக்கே, அதாவது முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கே, உள்ள சங்கதி. எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் ஒரு ஓரத்தில் இருக்கும், அதனால் ஒரு பக்க ஆக்சில் குட்டை, மறு பக்கம் நீளம். இரண்டு ஜாயிண்டும் ஒரே கோணத்தில் நிற்காததால் பவர் ஏறும்போது ஒரு சக்கரம் கூடுதலாகத் திருப்பப் பார்க்கும். எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) உட்கார்ந்துவிட்டால் அந்தக் கோணம் இன்னும் கெடும்.

பிரேக்கில் மட்டும் இழுத்தால் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்), காலிப்பர் பின், ஹோஸ், பேடு. இதில் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். பிரேக் பிடிக்காத பக்கம் எதுவோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் வண்டி போகும். இடது பக்கம் இழுக்கிறது என்று இடது காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டே இருப்பார்கள், வலது பக்கம் பின் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும்.

மிதித்தால் ஒரு பக்கம், பிரேக் அடித்தால் மறு பக்கம் என்று மாறி மாறி இழுத்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தின் அடியைப் பிடித்திருக்கும் கை) பின்புற ரப்பர் புஷ் கிழிந்திருக்கும். பவரில் சக்கரம் முன்னால் ஓடும், பிரேக்கில் பின்னால் வரும், புஷ் கிழிந்தால் அந்த ஆட்டத்தைப் பிடிக்க ஆள் இல்லை.

மூன்று நேரத்திலும் ஒரே மாதிரி இழுத்தால் டயர், கோணம், அல்லது எங்கேயோ பிரேக் உரசல். அதிகாலையில் ரோடு காலியாக இருக்கும்போது பாருங்கள். கையை முழுக்க எடுக்காதீர்கள், விரல் ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும்.

கப்பலூர் டயர்

மெக்கானிக் அண்ணன் சொன்னதற்கு முன்னால் ஐந்து நிமிஷ வேலை ஒன்று இருக்கிறது. காற்று. வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, ஓட்டுவதற்கு முன், குளிர்ந்த டயரில் பாருங்கள். டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவு. காற்று குறைந்த பக்கம்தான் வண்டி சாயும். பெட்ரோல் பங்க் மீட்டர் ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொல்லும், அதனால் நான்கு டயரையும் ஒரே மீட்டரில் பாருங்கள், இடமும் வலமும் சமமாக இருப்பதுதான் முக்கியம்.

அப்புறம் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ரேடியல் டயரில் உள்ளே பெல்ட் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டால் அது கூம்பு மாதிரி உருளும். ஒரு டம்ளரைத் தரையில் சாய்த்து உருட்டிப் பாருங்கள், வட்டம் அடிக்கும் இல்லையா, அதே கதை. பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும், அலைன்மென்ட் மெஷினும் சொல்லாது. மாற்றிப் போட்டதும் இழுப்பு வலது பக்கம் வந்துவிட்டால் டயர்தான் காரணம். மாறாமல் இடதிலேயே நின்றால் டயர் மேல் பழி போடாதீர்கள், பணம் மிச்சம்.

பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் மட்டும் இப்படி மாற்றக்கூடாது. ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும்.

ஆனையூர் பாண்டி

எனக்கு ஒரு சந்தேகம். நம் ஊர் ரோடு எல்லாமே மழைத்தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிந்துதானே இருக்கிறது? நாம் இடது பக்கம் போகிறோம், அப்படியானால் இடது பக்கம் கொஞ்சம் போவது இயற்கைதானே? இதற்குப் போய் வண்டியைப் பிரிக்க வேண்டுமா?

முனிச்சாலை மெக்கானிக்

நியாயமான கேள்வி பாண்டி. நாலு வழிச் சாலையிலும் ஒவ்வொரு பக்கமும் வெளி ஓரத்துக்குத்தான் சரிந்திருக்கும், லேசாக இடது போவது தப்பில்லை. அதை எப்படிப் பிரிப்பது? பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கேட்டு வாங்கி, அதே ரோடு, அதே லேன், அதே வேகம். அந்த வண்டி பத்து எண்ணுகிற வரை நேராகப் போய், நம் வண்டி மூன்றிலேயே இறங்கினால் ரோடு மேல் பழி சொல்ல முடியாது. ஓட்டுகிற ரோட்டையும் பார்த்து எடுக்க வேண்டும், லாரித்தடம் அழுந்திய லேனில் எந்த வண்டியும் தடத்தைப் பிடித்துத்தான் அலையும்.

திருநகர்க்காரன்

இன்று காலை 5:30-க்கு எழுந்து பார்த்துவிட்டு வந்தேன், வரிசையாகச் சொல்கிறேன்.

காற்று: முன் இடது 28, முன் வலது 31. சமமாக வைத்தேன். இழுப்பு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

டயர்: இடம் வலம் மாற்றினேன். அப்படியே இடதுதான்.

மைத்துனர் வண்டியை அதே ரிங் ரோட்டில் ஓட்டினேன். சாய்கிறது, ஆனால் ரொம்ப நேரம் கழித்து, மெதுவாக. என் வண்டி மாதிரி இல்லவே இல்லை.

மூன்று நேரம்: மிதித்தாலும் இடது, நியூட்ரலிலும் இடது, பிரேக்கிலும் இடது. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. 40-இலும் இருக்கிறது, 80-இலும் இருக்கிறது.

சக்கரச் சூடு: 20 கி.மீ. ஓட்டி, கடைசி அரை கி.மீ. பிரேக் தொடாமல் உருட்டி நிறுத்தி, புறங்கையை ரிம் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு. ஜாக்கி போட்டுச் சுற்றினால் இரண்டும் ஒரே மாதிரி சுற்றுகிறது.

கப்பலூர் டயர்

சரி, டயர் இல்லை. முன் டயர் வாங்கும் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

கோச்சடை மின்சாரம்

எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கை யாரும் சொல்லவில்லையே. ஸ்டீயரிங் தண்டில் டார்க் சென்சார் இருக்கிறது, நாம் எந்தப் பக்கம் எவ்வளவு முறுக்குகிறோம் என்று அதுதான் மோட்டாருக்குச் சொல்கிறது. அதன் பூஜ்யம் கொஞ்சம் விலகினால், நாம் திருப்பாமலே மோட்டார் ஒரு பக்கம் லேசாகத் தள்ளிக்கொண்டிருக்கும். காலி மைதானத்தில் அந்த ஃப்யூஸைக் கழற்றிவிட்டு 20, 30-இல் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் கனமாக இருக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், பயப்படாதீர்கள். இழுப்பு காணாமல் போனால் சென்சார். ரேக் மாற்றச் சொன்னவர் இதையாவது பார்த்தாரா?

திருநகர்க்காரன்

பார்க்கவில்லை சார். சாயங்காலம் எங்கள் பக்கத்தில் ஒரு காலி பிளாட் லேஅவுட்டில் ஃப்யூஸைக் கழற்றி ஓட்டினேன். கை ஒடிகிற மாதிரி கனம். ஆனால் விட்டால் இடதுதான் போகிறது.

உசிலம்பட்டி பயணி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு வேறு மாதிரி. டர்போ பெட்ரோல், இரண்டாவது கியரில் ஓங்கி மிதித்தால் வலது பக்கம் வெட்டுகிறது, காலை எடுத்தால் நேராகிவிடுகிறது. செக்கானூரணி தாண்டி லாரியை முந்தும்போது ஒரு தடவை ரொம்ப பயந்துவிட்டேன். மேலே மெக்கானிக் சொன்ன ஆக்சில் நீளக் கதைதானா?

முனிச்சாலை மெக்கானிக்

அதேதான். டர்போவுக்குக் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், சில வண்டிகளில் நீளப் பக்கம் நடுவில் ஒரு தண்டும் பேரிங்கும் வைத்து இரண்டு ஆக்சிலையும் ஒரே நீளமாக்கியிருப்பார்கள், அதில் குறைவு. ஆனால் முன்னால் இல்லாமல் புதிதாக வந்தது என்றால் எஞ்சின் மவுண்ட்டைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஒருத்தர் தள்ளி நின்று பார்க்க, இன்னொருத்தர் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளச்சைக் கொஞ்சமாக விட்டால் எஞ்சின் எவ்வளவு குதிக்கிறது என்று தெரியும். வண்டிக்கு நேர் முன்னால் யாரும் நிற்க வேண்டாம். முன் டயர் இரண்டும் ஒரே தேய்மானமா என்றும் பாருங்கள். முந்தும்போது இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும்.

கடச்சனேந்தல் ஆசிரியை

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். திருநகர் தம்பி, மூன்று கடைப் பேப்பரிலும் என்ன எழுதியிருக்கிறது என்று எண்களை அப்படியே போடுங்கள். "பச்சை" என்ற வார்த்தை எனக்குப் போதாது.

திருநகர்க்காரன்

மேடம், மூன்றிலும் முன் டோ சரி செய்ததாக இருக்கிறது, இடம் வலம் தலா 0°05'. பின் டோ இடது 0°08', வலது 0°10', அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் இல்லை என்றார்கள். கேஸ்டர் என்ற வரி மூன்று பேப்பரிலும் காலி. கேம்பர் ஒன்றில் மட்டும் இருக்கிறது: இடது +0°20', வலது –0°25'. அதுவும் பச்சைதான்.

கடச்சனேந்தல் ஆசிரியை

இதைத்தான் எதிர்பார்த்தேன். மூன்று பேரும் டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணத்தை, மட்டும் சரி செய்திருக்கிறார்கள். முன் டோ தப்பாக இருந்தால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுக்காது. இரண்டு முன் சக்கரமும் ஒரே ரேக்கில் கட்டியிருப்பதால் உருளும்போது தப்பைப் பாதி பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டு வண்டி நேராகவே போகும். நிறைய பேர் இதை நம்ப மாட்டார்கள், ஆனால் இழுப்புக்காக டோவைத் திரும்பத் திரும்பத் திருகுவது பல் வலிக்குக் கண்ணாடி மாற்றுவது மாதிரி. பின் டோ கோணலாக இருந்தால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து போகும், உங்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட சமம், அதுவும் இல்லை.

கேஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு, பக்கத்திலிருந்து பார்த்தால் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். அது ஏன் காலி? அதை அளக்க ஸ்டீயரிங்கை இடது பக்கம் குறிப்பிட்ட கோணம், வலது பக்கம் குறிப்பிட்ட கோணம் திருப்பி மெஷினுக்குக் காட்ட வேண்டும். கூட ஐந்து நிமிஷம் ஆகும், கூட்டம் இருந்தால் விட்டுவிடுவார்கள்.

இப்போது கேம்பர். சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்தால் பிளஸ், உள்ளே சாய்ந்தால் மைனஸ். எந்தப் பக்கம் பிளஸ் அதிகமோ அந்தப் பக்கம் வண்டி போகும். உங்களுக்கு இடது பிளஸ், வலது மைனஸ், வித்தியாசம் 45 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி). தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருக்கலாம், அதனால் மெஷின் பச்சை காட்டும். ஆனால் இடத்துக்கும் வலத்துக்கும் இடையே அரை டிகிரிக்கு மேல், அதாவது 30 நிமிடத்துக்கு மேல் இருந்தால் கையில் தெரியும். எல்லா மெஷினும் அந்த வித்தியாசத்தைச் சிவப்பில் காட்டாது, நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும்.

கேஸ்டரோடும் கிங்பின் சாய்வோடும் (அதே அச்சு, முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே சாய்ந்திருக்கும் கோணம்) முழு அளவு எடுத்து வாருங்கள். எங்கே வளைந்திருக்கிறது, அல்லது வளையாமல் நகர்ந்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

முனிச்சாலை மெக்கானிக்

மேடம் எண்களைப் பார்த்தபின் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஞாபகம் வருகிறது. தம்பி, இழுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை நடந்தது? பள்ளத்தில் விழுந்ததா, எதிலாவது மோதியதா, எதையாவது கழற்றினார்களா?

திருநகர்க்காரன்

மோதவில்லை அண்ணே. பள்ளம்... மதுரையில் பள்ளத்தில் விழாத நாள் உண்டா. வேலை என்றால் கிளச் மாற்றினேன், கிளச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும். அது ஸ்டீயரிங்குக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைத்துச் சொல்லவில்லை. தேதி பார்த்தேன். கிளச் மாற்றி நாலைந்து நாளிலேயே முதல் அலைன்மென்ட் போயிருக்கிறேன், ஸ்டீயரிங் கோணலாக இருந்தது என்று.

முனிச்சாலை மெக்கானிக்

அங்கேதான் இருக்கிறது விஷயம். கவனமாகக் கேளுங்கள்.

பொலிரோ மாதிரி பின் சக்கரம் இழுக்கிற வண்டியில் கியர்பாக்ஸ் நீளவாக்கில் நடுவில் இருக்கும். கிளச் வேலைக்கு அதை இறக்கினால் முன் சக்கரக் கோணத்துக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்கே, இரண்டு முன் சக்கரத்துக்கு நடுவில். கியர்பாக்ஸ் வெளியே வர ஆக்சிலைப் பிடுங்க வேண்டும், லோயர் ஆர்மைக் கழற்ற வேண்டும், பல வண்டிகளில் அடியில் இருக்கும் சஸ்பென்ஷன் ஃப்ரேமையே இறக்க வேண்டும். அந்த ஃப்ரேமில்தான் இரண்டு லோயர் ஆர்மும் நிற்கிறது, ரேக்கும் அதன் மேல்தான். போல்ட் ஓட்டையில் கொஞ்சம் விளையாட்டு இருக்கும். திரும்ப ஏற்றும்போது முன்பு இருந்த இடத்திலேயே உட்கார வைக்காமல் கைக்கு வந்த இடத்தில் டைட் செய்துவிட்டால், இரண்டு சக்கரத்தின் அடிப்பகுதியும் சேர்ந்து ஒரு பக்கம் போய்விடும். மேலே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பாடியில் நிற்கிறது, அது நகராது. ஃப்ரேம் வலது பக்கம் போனால் இடது சக்கரத்தின் அடி உள்ளே வரும், அதாவது தலை வெளியே, பிளஸ். வலது சக்கரத்துக்கு அடி வெளியே, தலை உள்ளே, மைனஸ். உங்கள் பேப்பரில் அப்படியேதான் இருக்கிறது.

ரேக்கும் கூடவே நகர்ந்ததால் ஸ்டீயரிங் கோணலானது. அலைன்மென்ட் கடைக்காரர் டை ராடை, அதாவது ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியை, திருகி ஸ்டீயரிங்கை நேராக்கிவிட்டார், அதனால் அடையாளமே மறைந்துவிட்டது.

ஆனையூர் பாண்டி

அண்ணே, ஓட்டையில் இருக்கும் விளையாட்டு மிஞ்சிப்போனால் 4, 5 மி.மீ. இருக்குமா? அதற்கா இவ்வளவு இழுப்பு? நம்ப முடியவில்லை.

கடச்சனேந்தல் ஆசிரியை

கணக்குப் போடலாம் பாண்டி. கீழே லோயர் ஆர்ம் முனையில் இருக்கும் பால் ஜாயிண்டுக்கும் மேலே ஸ்ட்ரட் தலைக்கும் நடுவில் சின்ன வண்டிகளில் சுமார் 600 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதி 4 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் சாய்வு சுமார் 23 நிமிடம் மாறும். ஒரு பக்கம் 23 கூடும், மறு பக்கம் 23 குறையும், வித்தியாசம் 46. அவர் பேப்பரில் 45. 4 மி.மீ. என்பது வாஷர் இரண்டு அடுக்கின கனம்தான், ஆனால் சக்கரத்துக்கு அது பெரிய தூரம்.

திருநகர்க்காரன்

படித்ததும் கை பரபரத்தது, இன்று ஞாயிறு, வீட்டிலேயே ஒன்று அளந்தேன். எதிர்வீட்டில் கட்டட வேலை செய்கிற அண்ணனிடம் தூக்குக்குண்டு வாங்கினேன். போர்டிகோவில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மூடியிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் முனை ஆட்டம் நிற்கிற வரை காத்திருந்து, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். அப்புறம் வண்டியை நகர்த்திவிட்டு முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் டேப் பிடித்தேன். மகள் ஒரு முனை, நான் ஒரு முனை. மூன்று தடவை செய்தேன். இடது 2,427, வலது 2,434. ஒரு தடவை மட்டும் வலது 2,433 வந்தது.

இடது முன் சக்கரம் 7 மி.மீ. பின்னால் இருக்கிறது! இது எப்படி?

முனிச்சாலை மெக்கானிக்

ரொம்ப நல்ல வேலை செய்தீர்கள். ஃப்ரேம் பக்கவாட்டில் மட்டும் போகவில்லை, கொஞ்சம் திரும்பியும் உட்கார்ந்திருக்கிறது, இடது பின்னால், வலது முன்னால். அப்படியென்றால் இடது கேஸ்டர் குறைந்திருக்கும். கேஸ்டர் குறைந்த பக்கம்தான் வண்டி இழுக்கும். கேம்பரும் இடது, கேஸ்டரும் இடது, இரண்டும் சேர்ந்துகொண்டது. ஆனால் இடது லோயர் ஆர்ம் பள்ளத்தில் வளைந்திருந்தாலும் இதே மாதிரி அளவு வரும். மேடம் கேட்ட முழு அளவு வந்தால்தான் உறுதி.

திருநகர்க்காரன்

முழு அளவு எடுத்துவிட்டேன். கடைக்காரரிடம் முதலிலேயே கேஸ்டரும் வேண்டும் என்று சொல்லி, கூட்டம் இல்லாத மத்தியான நேரம் போனேன், பொறுமையாகச் செய்து கொடுத்தார்.

கேஸ்டர்: இடது 2°55', வலது 3°35'.
கேம்பர்: இடது +0°20', வலது –0°25'.
கிங்பின் சாய்வு: இடது 12°20', வலது 13°05'.

கடச்சனேந்தல் ஆசிரியை

கிங்பின் சாய்வையும் கேம்பரையும் கூட்டுங்கள். இடது 12°20' + 0°20' = 12°40'. வலது 13°05' – 0°25' = 12°40'. இரண்டு பக்கமும் சமம்.

இந்தக் கூட்டுத்தொகை நக்கிளும் (சக்கரம் மாட்டியிருக்கும் வார்ப்பு) ஸ்ட்ரட்டும் சேர்ந்து வார்த்துக் கொடுத்த கோணம். அவை வளைந்தால்தான் அது மாறும். உங்களுக்கு மாறவில்லை, அதனால் ஸ்ட்ரட்டும் நக்கிளும் நன்றாக இருக்கின்றன. ஒரு பக்க லோயர் ஆர்ம் மட்டும் வளைந்திருந்தால் வலது பக்க எண்கள் பழையபடியே இருந்திருக்கும். இங்கே இடது எவ்வளவு ஒரு பக்கம் போயிருக்கிறதோ அவ்வளவு வலது எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. முழுசாக ஒரு துண்டு நகர்ந்ததற்கான அடையாளம் இது. மெக்கானிக் சார் சொன்னதுதான், ஃப்ரேம். ரேக்கும் வேண்டாம், ஸ்ட்ரட்டும் வேண்டாம்.

கேஸ்டர் வித்தியாசம் 40 நிமிடம். அதற்கு ஒவ்வொரு பக்கமும் மூன்றரை மி.மீ. வரும், இரண்டும் சேர்த்து 7. உங்கள் தூக்குக்குண்டு சொன்ன அதே 7.

முனிச்சாலை மெக்கானிக்

வியாழக்கிழமை காலை என் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள் தம்பி. எண்களைப் படித்துவிட்டு நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஃப்ரேம் போல்ட் நான்கும் புதிதாக வாங்கிக்கொண்டு வாருங்கள், வண்டி மாடலையும் ஆண்டையும் சொல்லி ஒரிஜினலாக.

திருநகர்க்காரன்

நேற்று வேலை முடிந்தது. நேரில் பார்த்ததை எழுதுகிறேன், இதே பிரச்சினை உள்ளவர்கள் அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்பதற்காக.

வண்டியைத் தூக்கினதும் அண்ணன் எதையும் தொடாமல் துணியால் ஃப்ரேம் போல்ட்டைச் சுற்றித் துடைத்தார். போல்ட் வாஷரின் இடது ஓரம் அழுக்கும் துருவும் படிந்த பரப்பின் மேல் ஏறி நின்றது. வலது ஓரத்தில், வாஷருக்கு வெளியே, மூன்றாம் பிறை மாதிரி மெல்லிசாக ஒரு சுத்தமான வளைவு. துரு இல்லை, அழுக்கு இல்லை, கம்பெனியில் பூசின பெயிண்ட் அப்படியே. ஒன்பது வருஷம் வாஷர் உட்கார்ந்திருந்த இடம் அது. நான்கு போல்ட்டிலும் அந்தப் பிறை இருந்தது, ஆனால் இடது பக்கத்து இரண்டில் கொஞ்சம் பின்பக்கமும், வலது பக்கத்து இரண்டில் கொஞ்சம் முன்பக்கமும் தள்ளி. திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணன் சொன்னது கண்ணுக்கே தெரிந்தது.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் கடப்பாரை வைத்து ஆட்டிப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஃப்ரேமுக்கு அடியில் ஜாக் தாங்கல் கொடுத்து, நான்கு போல்ட்டையும் முழுக்கக் கழற்றாமல் தளர்த்தி, ஒவ்வொன்றாகப் புதிது மாற்றி, கடப்பாரையால் நெம்பி, பிறை வாஷருக்குள் மறைகிற வரை நகர்த்தினார். ஒரு மி.மீ. ஒரு மி.மீ. ஆகத்தான் வந்தது. டார்க் ரெஞ்சில் டைட் செய்தார். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை மட்டும் வண்டியைக் கீழே இறக்கி, எடை சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசியாக முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும் என்றார்.

அப்புறம் நேரே அலைன்மென்ட், ஏனென்றால் ரேக்கும் நகர்ந்துவிட்டது, பழைய டோ இப்போது தப்பு. புது எண்கள்: கேஸ்டர் இடது 3°15', வலது 3°20'. கேம்பர் இடது 0°00', வலது –0°05'. டோ சரி செய்தார்கள், ஸ்டீயரிங் நேராக நிற்கிறது.

ரிங் ரோட்டில் அதே இடத்தில் 60-இல் விரலைத் தளர்த்தினேன். பத்து எண்ணினேன். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. மைத்துனர் வண்டி மாதிரியே கடைசியில் லேசாக இடது சாய்ந்தது, அது ரோடு.

போல்ட், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய்.

கோச்சடை மின்சாரம்

ரேக்குக்குப் போயிருந்தால் 18 ஆயிரம் கொடுத்துவிட்டு அதே மாதிரி இழுத்துக்கொண்டிருந்திருக்கும். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது.

ஆனையூர் பாண்டி

நானும் ஒத்துக்கொள்கிறேன், 4 மி.மீ. பெரிய தூரம்தான். ஒரு கேள்வி. என் வண்டியில் போன மாதம் முன் ஸ்ட்ரட் மாற்றினேன். இடது வளைவு திரும்பினால் அப்புறம் இடதே இழுக்கிறது, வலது திரும்பினால் வலது இழுக்கிறது. இதுவும் ஃப்ரேமா?

முனிச்சாலை மெக்கானிக்

இல்லை பாண்டி. கடைசியாகத் திரும்பின பக்கத்தையே பிடித்துக்கொண்டு போனால் அது மேலே ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் சிக்குகிறது, அல்லது பேரிங்கைத் தப்பாக உட்கார வைத்திருக்கிறார்கள். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் தலையில் விரலை வை, இன்னொருத்தர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பட்டும். ஸ்பிரிங் "டொங்" என்று துள்ளித் திரும்பினால் அதுதான். சீக்கிரம் பார்த்துவிடு.

உசிலம்பட்டி பயணி

என் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். வலது பக்க எஞ்சின் மவுண்ட் ரப்பர் பிரிந்து கிடந்தது. மாற்றிவிட்டேன். ஓங்கி மிதித்தால் இன்னும் லேசாக வலது தெரிகிறது, ஆனால் பழைய வெட்டு இல்லை.

திருநகர்க்காரன்

கிளச் மாற்றின ஒர்க்‌ஷாப்புக்கும் போனேன், சண்டைக்கு இல்லை. போட்டோவைக் காட்டினேன், பிறை தெரிகிற போட்டோ. அங்கிருந்த ஃபோர்மேன் கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். கழற்றுவதற்கு முன்னால் பெயிண்ட் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லி பையன்களிடம் சொல்வதாகச் சொன்னார்.

முனிச்சாலை மெக்கானிக்

நல்லது. 500 கி.மீ. ஓடினதும் வண்டியை ஒரு தடவை கொண்டு வாருங்கள் தம்பி, போல்ட் டைட் பார்த்துவிடுவோம். காசு வேண்டாம்.

திருநகர்க்காரன்

சரி அண்ணே. அடுத்த வாரம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு அப்படியே வந்துவிடுகிறேன்.